காந்தல் பள்ளத்தில் வீட்டுக் குளமும் தோட்டமும்: உறைபனிக்கு முன் என்ன செய்யணும்?

காந்தல்_பள்ளம்:
வணக்கம். ஊட்டி காந்தல் பக்கம், சரிவு முடியுற இடத்தில் வீடு. பின்பக்கம் சிமெண்ட் குளம்: 10 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி ஆழம். கோல்டு ஃபிஷ் 12, கோய் 4, கொஞ்சம் கப்பி. தொட்டியில் வைத்த இளஞ்சிவப்பு அல்லி இரண்டு, ஒரு மூலையில் ஆகாயத்தாமரை. மேலே ஒரு கற்பூர மரத்துக் கிளை வந்து நிற்குது. குளத்தைச் சுற்றி ஃபுக்சியா, ஜெரேனியம், டேலியா, மரத்தக்காளி, அரை சென்டில் கேரட்டும் பீன்ஸும். கீழ்ப்புறம் வேலியாக சைப்ரஸ் நெருக்கமாக வளர்ந்திருக்கு. நீர்ப்பனி விழ ஆரம்பிச்சாச்சு. உறைபனி வருவதற்குள் எதை முதலில் செய்யணும்? நீரூற்று மோட்டாரை இரவில் ஓட விடலாமா? மீனுக்கு உப்பு போடச் சொல்றாங்க, தேவையா?

அல்லிக்குளம்:
உங்க அளவுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 4,200 லிட்டர். கோல்டு ஃபிஷும் கோயும் ஊட்டிக் குளிரைத் தாங்கும். கப்பி தாங்காது. அதை இந்த வாரமே வீட்டுக்குள் எடுங்க. 50 லிட்டர் தொட்டி, 100 வாட் ஹீட்டர், 24 டிகிரி, அது போதும்.

அடுத்தது இலை. கற்பூர இலை சீக்கிரம் மக்காது. அடியில் படிந்து கறுப்புச் சேறாகும், குளிரில் பாக்டீரியா மந்தமாகிற நேரத்தில் அமோனியா ஏறும். அரை அங்குலக் கண் வலையை மூங்கில் சட்டத்தில் கட்டி, தண்ணீருக்கு அரை அடி மேலே, ஒரு பக்கம் சரிவாக வைங்க. தட்டையாகக் கட்டினால் இலை பாரத்தில் நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டு, மொத்தமும் ஊறிப்போகும். ஏற்கெனவே இருக்கிற சேற்றைக் கை வலையால் மெதுவாக அள்ளுங்க. கலக்கிவிடாதீங்க. அழுகிய முட்டை வாடை அடிச்சா அன்றைக்கு அங்கேயே நிறுத்திடுங்க. அந்த வாயு மீனைக் கொல்லும். ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் தண்ணீர் மாற்ற வேண்டாம். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கிய பிறகுதான் விடணும்.

ஆகாயத்தாமரையை முழுசா எடுத்துடுங்க. உறைபனி பட்ட அன்றே இலை வெந்த கீரை மாதிரி துவண்டு, அடுத்த வாரம் குளத்திலேயே அழுகும். விதைக்கு வேணும்னா இரண்டு செடியை வாளியில் போட்டு வெயில் வரும் ஜன்னல் ஓரம் வைங்க. மிச்சம் உரக்குழிக்குத்தான் போகணும், ஓடையில் வீசக் கூடாது. அல்லிக்கு மஞ்சளான இலைகளை அடியோடு வெட்டி, தொட்டியை ஆழமான இடத்துக்கு நகர்த்துங்க. மார்ச் வரை உரம் கிடையாது.

தீவனம் விஷயத்தில்தான் நிறைய மீன் போகுது. மிதக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, காலை 7 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் பாருங்க. 15 டிகிரிக்கு மேல் வழக்கம்போல. 10 முதல் 15 வரை ஒரு நாளைக்கு ஒரு தடவை, நண்பகலில், கோதுமை முளை சேர்ந்த புரதம் குறைந்த தீவனம், இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. 10க்குக் கீழே போனால் ஒன்றும் போடாதீங்க. மீன் மேலே வந்து வாயைத் திறந்து கேட்கும், பார்க்கப் பாவமாக இருக்கும். போட்டால் செரிக்காமல் குடலிலேயே கெடும்.

உப்பு உறைபனிக்கு மருந்து இல்லை. 0.1 சதவீதம், அதாவது உங்க குளத்துக்கு அயோடின் சேர்க்காத கல்லுப்பு 4 கிலோ, நைட்ரைட் (மீன் கழிவிலிருந்து உருவாகும் நச்சு) ஏறும்போது செவுளுக்குப் பாதுகாப்பு. அதற்கு மேல் போனால் அல்லிக்கு ஆகாது. உப்பு ஆவியாகாது. தண்ணீர் மாற்றினால் மாற்றிய அளவுக்கு மட்டும் சேர்க்கணும்.

மோட்டாரைத் தரையிலிருந்து ஒரு அடி தூக்கி வைங்க, அடியில் இருக்கிற இளஞ்சூட்டுத் தண்ணீர் கலையாது.

மன்னவனூர்_மண்:
மற்றதெல்லாம் சரி. அந்தக் கடைசி வரி மட்டும் நம்ம மலைக்குப் பொருந்தாது. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனம். குளம் முழுக்க 4 வரை இறங்கி, அதற்கும் கீழே போய் மேலே கெட்டியாக உறைகிற ஊரில்தான் அடித் தண்ணீர் மேல் தண்ணீரை விடச் சூடாக இருக்கும். இங்கே குளம் அவ்வளவு இறங்காது. 4க்கு மேல் இருக்கும்வரை, இரவில் மேலே குளிர்ந்த தண்ணீர் கனமாகி அடிக்கே இறங்கும், குளம் தானாகவே மேலும் கீழும் கலந்து மொத்தமாகக் குளிரும். அதனால் மோட்டாரைத் தூக்கி வைப்பதால் சூடு மிச்சமாகாது, சேறு உறிஞ்சாமல் இருக்கும் என்பதே லாபம்.

சூடு போகிற வழி மேல் பரப்பு. மேகமில்லாத இரவில் தண்ணீரும் மண்ணும் இலையும் பகலில் வாங்கிய சூட்டை நேரே வானத்துக்கு விடுது. நீரூற்று அந்தப் பரப்பைப் பல மடங்கு பெருக்குது. எனவே மாலை 4 மணி முதல் காலை 9 வரை நீரூற்றையும் அருவியையும் நிறுத்துங்க. ஃபில்டரை நிறுத்தாதீங்க. ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கிற பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் செத்துப்போகும். திரும்பி வரும் குழாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, ஒரு ஏர் ஸ்டோனை (காற்றுக் குமிழி விடும் கல்) நடு ஆழத்தில் தொங்கவிடுங்க. குளத்தின் பாதிப் பரப்பை மட்டும் இரவில் தெர்மாகோல் பலகை மிதக்கவிட்டு மூடுங்க. மறுபாதி திறந்தே இருக்கணும், காற்றுப் போக்குவரத்து வேணும்.

விடியற்காலையில் ஓரத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிய ஐஸ் தெரிந்தால் தட்டி உடைக்காதீங்க, அந்த அதிர்வு மீனை வாட்டும். வெயில் வந்ததும் கரையும்.

இன்னொன்று: மலைத் தண்ணீர் பெரும்பாலும் மென்நீர். அதில் பி.எச். (அமில-கார அளவு) சட்டென்று ஆடும். அது ஆடாமல் இருக்க இரண்டு கிலோ கிளிஞ்சலை வலைப் பையில் கட்டி ஃபில்டர் ஓட்டத்தில் போட்டுவையுங்க.

காந்தல்_பள்ளம்:
ரொம்ப நன்றிங்க. நீரூற்றை நிறுத்திட்டேன். செடிகளுக்கு? போன் ஆப்பில் 5 டிகிரி என்று காட்டும்போதே புல்லில் வெள்ளையாக இருக்கே.

மிலார்_மறைப்பு:
ஆப் காட்டுவது நாலைந்து அடி உயரத்துக் காற்று. மேகமும் காற்றும் இல்லாத இரவில் புல் மட்டத்தில் அதை விடப் பல டிகிரி குறைவாக இருக்கும். பகல் முழுக்க நீல வானம், சாயங்காலம் காற்று சுத்தமாக நின்றுபோச்சு என்றால் அன்றிரவு மூடிவிடணும். மூட்டம் போட்ட இரவில் பயமில்லை.

முதல் வேலை உங்க சைப்ரஸ் வேலி. குளிர்காற்று கனமானது, சரிவில் தண்ணீர் போல இறங்கி வருது. கீழ்ப்புறம் அடைத்திருந்தால் உங்க தோட்டத்திலேயே தேங்கும். தாழ்வான இடத்தில் மூன்று அடிக்கு வேலியை வெட்டித் திறந்துவிடுங்க, தரையோடு கிளை இல்லாமல்.

ஃபுக்சியா, ஜெரேனியத்துக்கு நான்கு குச்சி நட்டு, செடிக்கு ஒரு சாண் மேலே கோத்தகிரி மிலார் செடிக் கொத்தையோ பழைய சாக்கையோ பரப்பி, ஓரங்களைத் தரை வரை இறக்குங்க. தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மிலார் மறைப்பைப் பார்த்திருப்பீங்க. சூரியன் மறையுமுன், ஐந்து மணிக்கே மூடணும், மண்ணின் சூடு உள்ளேயே தங்க. காலை 9 மணிக்குத் திறந்துவிடுங்க. பாலித்தீன் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடமெல்லாம் கருகும். பகலில் எடுக்க மறந்தால் உள்ளே வெந்துபோகும். தொட்டிச் செடிகளைச் சுவரோரம், தாழ்வாரத்துக்குள் நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

காய்ந்த புல் மூடாக்கைச் செடிகளைச் சுற்றி விலக்கிவிடுங்க. மூடாக்கு பகல் வெயிலை மண்ணுக்குள் விடாது, இரவில் மண் சூட்டையும் இலைக்கு விடாது. நண்பகலில் மண் நனையத் தண்ணீர் விடுங்க, ஈர மண் சூட்டைப் பிடித்துவைக்கும். யூரியா இப்போ கூடவே கூடாது, இளந்துளிர்தான் முதலில் கருகும்.

கேரட் தாங்கும், தோள் தெரியாமல் மண் அணைத்தால் போதும். பீன்ஸ் தாங்காது, காய் இருக்கிறதைப் பறித்து முடியுங்க. டேலியா இலை கருகியதும் அரை அடி விட்டு வெட்டி, கிழங்கைத் தோண்டிக் காய்ந்த மணலில் வைங்க. மரத்தக்காளி இளஞ்செடி என்றால் தண்டோடு சாக்கு சுற்றுங்க. பெரிய மரத்தில் நுனி போனாலும் அடித்தண்டு பிழைத்தால் துளிர்க்கும்.

மூட மறந்த இரவுக்குப் பிறகு, வெயில் இலையில் விழுமுன் பூவாளியால் சாதாரணக் குழாய்த் தண்ணீர் தெளித்து வெள்ளையைக் கழுவிடுங்க. சட்டென்று வெயிலில் உருகும்போதுதான் சேதம் கூடுது. வெந்நீர் வேண்டாம்.

அல்லிக்குளம்:
குழாயையும் சொல்லிவிடறேன். தோட்டத்து ஹோஸை ராத்திரி தண்ணீர் வடித்துச் சுருட்டி வைங்க. வெளியே தெரியும் பிவிசி குழாயில் வால்வு வரை சாக்கு சுற்றுங்க. தண்ணீர் தேங்கி உறைந்தால் எல்போ இணைப்பில்தான் முதலில் விரிசல் விடும்.

மிலார்_மறைப்பு:
கருகிய கிளைகளை உடனே வெட்டாதீங்க. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அந்தக் காய்ந்த இலைதான் உள்ளே இருக்கிற மொட்டுக்கு மறைப்பு. இப்போ வெட்டினால் ஜனவரியிலேயே துளிர்த்து, அதுவும் அடுத்த பனியில் போயிடும். பிப்ரவரி கடைசியில் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்க. பச்சை தெரிகிற இடத்துக்கு மேலே வெட்டினால் போதும்.