வேல்ஸின் கெலின் ஏரிக்கு அடியில் இருக்கும் ஊர்

மலைநாடன்:
பாலா ஊருக்கு அருகே கெலின் ஏரியைப் பார்த்தோம். தண்ணீருக்கு அடியில் ஓர் ஊர் இருப்பதாக அங்கே ஒரு பெரியவர் சொன்னார். எந்த ஊர்? ஏன் மூழ்கடித்தார்கள்?

கார்த்திகைப்பூ:
கப்பெல் கெலின். ட்ரவெரின் பள்ளத்தாக்கில் வெல்ஷ் மொழி மட்டுமே புழங்கிய சின்னஞ்சிறு ஊர். பள்ளிக்கூடம், தபால் நிலையம், சிற்றாலயம், சுற்றிலும் பண்ணைகள், அவ்வளவுதான். இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் மாநகராட்சிக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. வேல்ஸ் உள்ளாட்சிகளிடம் அனுமதி கேட்காமல் நேரே நாடாளுமன்றம் போய் 1957ல் சட்டம் வாங்கிவிட்டார்கள். வேல்ஸின் 36 எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரித்து ஓட்டுப் போடவில்லை, ஆனாலும் சட்டம் நிறைவேறியது! எனக்கு ஆறாத கோபம் இதில்தான். அதற்கு முந்தைய நவம்பரில் ஊர் மக்கள் பிள்ளைகுட்டிகளோடு லிவர்பூல் தெருக்களில் பதாகை பிடித்து நடந்தார்கள். கேட்பார் இல்லை. 1965ல் அணை திறந்தார்கள். பள்ளத்தாக்கில் இருந்த 67 பேரில் 48 பேருக்கு வீடு போயிற்று.

வடகரை:
கல்லறைத் தோட்டத்தை விட்டுவிட்டீர்களே அக்கா. சில குடும்பங்கள் தங்கள் உறவினரின் உடலைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்தன. மற்ற உடல்கள் அங்கேயே இருக்கின்றன, மேலே கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது 2005ல். நாற்பது வருஷம்!

கார்த்திகைப்பூ:
ஆமாம் தம்பி, அதையும் சொல்லியிருக்க வேண்டும். மலைநாடன், மறுபடி போனால் சாலையோரக் கரையில் நினைவுச் சிற்றாலயம் இருக்கிறது, அவசியம் பாருங்கள்.