புதுப்பிப்பு: வெயிட் வாட்சர்ஸ் பங்கும் கடன் பத்திரமும்

உடல் எடை குறைப்புத் திட்டங்கள் நடத்தும் அமெரிக்கக் கம்பெனியான வெயிட் வாட்சர்ஸின் பங்குகள் யார் யார் கையில் என்று போன பதிவில் எழுதியிருந்தேன். 2015-ல் அமெரிக்க டிவி பிரபலம் ஓப்ரா வின்ஃப்ரே சுமார் 10 சதவீதம் வாங்கிய சேதி வந்ததும், பங்கு ஒரே நாளில் இரண்டு மடங்கானது. "அவ்வளவு பெரிய ஆள் வைத்திருந்தால் நமக்கென்ன பயம் தம்பி?" என்று சேலம் அம்மாபேட்டை அண்ணன் ஒருவர் கேட்டிருந்தார்.

அண்ணா, 2024-லேயே ஓப்ரா இயக்குநர் குழுவை விட்டு விலகிவிட்டார். 2025 மே மாதம் கம்பெனி திவால் மனு போட்டு, ஜூனில் மீண்டு வந்தது. சுமார் 115 கோடி டாலர் கடன் கழிந்தது. அதற்கு ஈடாகப் புதுப் பங்குகளில் 91 சதவீதம் கடன் கொடுத்தவர்களுக்கும், கடன் பத்திரம் (கம்பெனி வட்டிக்குக் கடன் வாங்கித் தரும் சீட்டு) வைத்திருந்தவர்களுக்கும் போனது. பழைய பங்குதாரர்கள் எல்லோருக்கும் சேர்த்தே 9 சதவீதம். அதாவது, முன்பு 1 சதவீதம் வைத்திருந்தவருக்கு இப்போது 0.09!

2029-ல் முதிரவேண்டிய, 4.5 சதவீத வட்டி தரும் அந்தக் கம்பெனிப் பத்திரத்துக்குச் சொத்து ஈடு இருந்தது. பங்குக்கு அப்படி எதுவும் கிடையாது. பத்திர விலை 2024-லேயே முகமதிப்பில் (பத்திரத்தில் எழுதிய தொகையில்) பாதிக்கும் கீழே கிடந்தது. ஈடு உள்ள பத்திரத்துக்கே அந்த நிலை என்றால் பங்கின் கதி என்ன? எனக்கு அதுதான் பெரிய எச்சரிக்கை. ஆனால் நம்மில் பலர் பங்கு விலையை மட்டும்தான் பார்க்கிறோம்.

சரி, நம்மூர்க் கம்பெனி என்றால்? காலாண்டு முடிந்த 21 நாளுக்குள் பங்குதாரர் பட்டியல் வந்துவிடும். அதில் புரமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி) அடகு வைத்த பங்கு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். அப்புறம், கம்பெனி கடனைத் திருப்பிக் கட்டுமா என்று மதிப்பிடும் கடன் தர அறிக்கையைப் பாருங்கள்.