வாடகை கார் டோல் கட்டணம்: கிளாஸ் ஆக்‌ஷன் (பாதிக்கப்பட்ட பலர் சேர்ந்து போடும் வழக்கு) அனுபவம் உள்ளவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. போன மாதம் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ போயிருந்தோம். வாடகை காரில் கோல்டன் கேட் பாலத்தை ஒரே ஒரு தடவைதான் கடந்தோம். அங்கே 2013லிருந்து பணமாகக் கட்ட வழியே இல்லை, கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துவிடும். மூன்று வாரம் கழித்து கார்டில் பிடித்தம்: டோல் தனி, அதற்கு மேல் 'வசதிக் கட்டணம்' நாளுக்கு 9.99 டாலர், கார் கையில் இருந்த 5 நாளுக்கும் சேர்த்து 49.95. மற்ற 4 நாள் டோல் இருக்கும் பக்கமே போகவில்லை! கவுன்டரில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தொகை சின்னதுதான். ஆனால் எத்தனை குடும்பங்களிடம் இப்படி எடுத்திருப்பார்கள்? இதற்காகத்தானே கிளாஸ் ஆக்‌ஷன் வழக்கே இருக்கிறது. இதே பாலத்து டோல் விவகாரத்தில் 2017ல் நகர அரசு வழக்கறிஞரே ஒரு பெரிய வாடகை கார் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்.

என் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் ஆர்பிட்ரேஷன் விதி (கோர்ட்டுக்குப் போகாமல் நடுவர் மூலம் தீர்க்க வேண்டும் என்பது) இருக்கிறது, கூட்டாக வழக்குப் போடக் கூடாதாம். 2011 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இந்த மாதிரி விதி பெரும்பாலும் செல்லும் என்று படித்தேன். அதை மீறி யாராவது சேர்ந்திருக்கிறீர்களா? ஸ்மால் கிளெய்ம்ஸ் (சின்னத் தொகை வழக்குகளுக்கான கோர்ட்) போனவர்கள் உண்டா? கார்டு கம்பெனியில் டிஸ்ப்யூட் போட்டு (பிடித்தம் தவறு என்று புகார் செய்து) பணத்தைத் திரும்பக் கேட்டால், பின்னால் கிளாஸ் ஆக்‌ஷன் வழக்கில் வரும் செட்டில்மென்ட்டில் (சமரசத் தொகையில்) பங்கு கேட்க முடியாமல் போகுமா? கலிஃபோர்னியா நுகர்வோர் சட்டம் தெரிந்த வக்கீல்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ரசீது, ஒப்பந்தம் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.