ஜப்பானுக்குப் புதிதாக வந்திருப்போருக்கு: சுருதிக்கு முன் வல்லினத்தைச் சரிசெய்யுங்கள்

'ஹஷி' என்ற ஒரே சொல், சுருதி ஏறுவதையும் இறங்குவதையும் பொறுத்து உணவுக்குச்சியாகவும் பாலமாகவும் மாறிவிடுமாமே என்ற அச்சத்துடன்தான் பலரும் ஜப்பானிய மொழி வகுப்பில் சேருகிறார்கள். அந்த வேறுபாடு உண்மைதான். ஆனால் உணவகத்தில் நின்றுகொண்டு யாரும் பாலம் கேட்பதில்லை. கேட்பவர் இடமறிந்து புரிந்துகொள்வார். நான் கவனித்தவரையில், நாம் பேசுவது இங்குள்ளவர்களுக்குப் புரியாமல் போவதற்குப் பெரும்பாலும் சுருதி காரணமன்று. நம் வல்லின எழுத்துகளே காரணம்.

குறில் நெடில் வேறுபாடு நமக்குப் பிறவியிலேயே வாய்த்தது. கட்டடத்தை 'பிரு' என்றும் பீரை 'பீரு' என்றும் சொல்வதில் எந்தத் தமிழருக்கும் தடுமாற்றம் வராது. மாத்திரைக் கணக்கில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். தமிழில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானிய மொழியிலோ இரட்டிக்கும் ஒற்றுக்கும் 'ன்' ஒலிக்கும் குறிலுக்குரிய முழு மாத்திரை உண்டு. 'நிப்பொன்' நம் கணக்கில் மூன்று மாத்திரை, அவர்கள் கணக்கில் நான்கு: நி, ப், பொ, ன். ஹைக்குவின் 5-7-5 என்ற எண்ணிக்கையும் இந்த மாத்திரைகளைத்தான் குறிக்கிறது. எனவே ஒற்றில் சற்றுக் கூடுதலாக நின்று கடக்கப் பழகுங்கள்.

இனி வல்லினம். தமிழில் க, த, ப ஆகியவை சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வன்மையாக ஒலிக்கும். 'அகம்', 'விதை' போல உயிர்களுக்கு நடுவே தனித்து வந்தால் மெலிந்துவிடும். இரட்டிக்காமலும் மெலியாமலும் உயிர்களுக்கு நடுவில் வரும் வல்லினம் நம் நாவுக்குப் பழக்கமில்லாதது. ஜப்பானிய மொழியிலோ அதுவே எங்கும் நிறைந்திருக்கிறது. 'ககொ' என்பதன் இரண்டாம் ககரத்தை 'கடல்' என்பதன் ககரத்தைப் போலச் சொன்னால் கடந்த காலம். 'அகம்' போல மெலித்தால் கூடை. 'கக்கொ' என்று இரட்டித்தால் அடைப்புக்குறி. கூடையும் அடைப்புக்குறியும் நமக்கு எளிதாக வரும், கடந்த காலம்தான் வராது. 'வாருங்கள்' என்பதற்கான 'கிதெ குதசை'யில் முதற்சொல்லின் தகரத்தை வன்மையாக்க முயன்று 'கித்தெ' என்று அழுத்திவிட்டால், 'வெட்டுங்கள்' என்று பொருளாகிவிடும்.

மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினத்திலும் இதே சிக்கல் உண்டு. 'சங்கு', 'பந்து', 'பாம்பு' என்று மெலித்தே பழகிய நாம், மின்சாரத்தைக் குறிக்கும் 'தென்கி', நலத்தைக் குறிக்கும் 'கென்கி', நடைப்பயிற்சியைக் குறிக்கும் 'சன்பொ' ஆகியவற்றின் நடுவிலுள்ள வல்லினத்தையும் மெலித்துவிடுகிறோம். 'சன்கை' என்று வன்மையாகச் சொன்னால் மூன்று தடவை. மரபான உச்சரிப்பில் மெலித்துச் சொன்னால் மூன்றாவது தளம். (இங்கே தரைத்தளமே முதல் தளம் என்பதால், அது நம் கணக்கில் இரண்டாம் மாடி!)

தமிழ்ச் செய்தித்தாள்களில் ஊர்ப்பெயர்களைப் படித்து வளர்ந்ததும் ஓர் இடையூறு. 'ஒசாகா' என்று எழுதுகிறோம். உண்மையில் முதலெழுத்துதான் நெடில், மற்ற இரண்டும் குறில். 'ஓசக' என்று எழுதி, ககரத்தை வன்மையாகச் சொன்னால் கிட்டத்தட்டச் சரியாகும். தமிழ்ச் சொற்கள் குறில் ஒகரத்தில் முடிவது மிக அரிது என்பதால், 'எங்கே' எனப் பொருள்படும் 'தொகொ'வையும் 'தோகோ' என்று நீட்டிவிடுகிறோம்.

கடையில் அன்றாடம் தேவைப்படுவது ஆயிரம் யென். அது 'சென்-என்', நான்கு மாத்திரை. மெய்யின்மேல் உயிர் வந்து ஏறுவது நமக்கு இயல்பு என்பதால் 'செனென்' என்று மூன்றாகச் சுருங்கிவிடும். ஜப்பானியர் அந்த 'ன்' ஒலியை அடுத்த உயிரோடு சேர்ப்பதில்லை. புகைபிடித்தலுக்குத் தடை என்பதான 'கின்-என்' இப்படிச் சுருங்கினால், நினைவுகூரலைக் குறிக்கும் 'கினென்' ஆகிவிடும்.

'தெசு', 'மசு' என்று முடியும் வாக்கியங்களில் ஈற்று உகரம் குரலிழந்து ஏறக்குறைய மறைந்துவிடும். குற்றியலுகரம் அறிந்த நமக்கு இது வியப்பன்று.

தொலைபேசி எண்ணைச் சொல்லும் முறையைத் தனியாகப் பழகிக்கொள்ளுங்கள். வங்கியிலும் மருத்துவமனையிலும் அது உடனே தேவைப்படும். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது ஒவ்வோர் எண்ணும் இரண்டு மாத்திரை பெறுமாறு சொல்வது இங்குள்ள வழக்கம்; ஆகவே தனியே 'நி' எனப்படும் 2 'நீ' என்றும், 'கொ' எனப்படும் 5 'கோ' என்றும் நீளும் (இந்தக் ககரம் மெலிந்தது). எண் தொகுதிகளுக்கு நடுவே 'நொ' சேர்ப்பார்கள். இந்தத் தாளத்தில் சொன்னால் எதிரிலிருப்பவர் இடைமறிக்காமல் எழுதிக்கொள்வார்.

சுருதியைப் பிறகு கற்கலாம். டோக்கியோ வழக்கில் முதல் மாத்திரையும் இரண்டாம் மாத்திரையும் ஒரே சுருதியில் நிற்பதில்லை. ஒரு சொல்லுக்குள் ஒருமுறை இறங்கிய சுருதி மீண்டும் ஏறுவதுமில்லை. ஆகவே எங்கே இறங்குகிறது என்பதை மட்டும் மனத்தில் வைத்தால் போதும். சில வேளை அந்த இறக்கம் அடுத்து வரும் இடைச்சொல்லில்தான் தெரியும்: பாலத்துக்கான 'ஹஷி'யும் ஓரத்துக்கான 'ஹஷி'யும் தனியே ஒன்றுபோல ஒலிக்கும், 'க' சேரும்போது பாலத்தில் மட்டும் சுருதி விழும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் உருவான 'OJAD' என்ற இணைய அகராதி இந்த இறக்கங்களைக் கோடிட்டுக் காட்டுகிறது. அதற்கு முன்பே 'சோ தெசு க' என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். இறுதியில் குரலை உயர்த்தினால் 'அப்படியா?' என்ற கேள்வி, தாழ்த்தினால் 'ஓ, அப்படியா' என்ற ஏற்பு. இதை மாற்றிச் சொன்னால், நாம் நம்ப மறுப்பதாக எண்ணிய மேலாளர் மீண்டும் முதலிலிருந்து விளக்கத் தொடங்குவார்.

ஒசாகாவுக்கு வேலைக்குச் செல்வோருக்கு ஒரு குறிப்பு: அங்கே உணவுக்குச்சிக்கும் பாலத்துக்கும் உரிய சுருதி, டோக்கியோவுக்கு நேர்மாறு. வகுப்பில் கற்ற டோக்கியோ சுருதியிலேயே பேசலாம்; அங்குள்ளவர்கள் அதைத் தொலைக்காட்சியில் நாள்தோறும் கேட்பவர்கள். இபராகி, தொசிகி போன்ற மாவட்டங்களின் வட்டார வழக்கிலோ இந்த வேறுபாடே கிடையாது. எனவே இபராகியிலுள்ள சுகுபாவுக்கு ஆய்வுப் பணிக்கு வருவோர், அக்கம்பக்கத்து முதியவர்களிடம் குச்சிக்கும் பாலத்துக்கும் சுருதி கேட்டுக் கற்க முயல வேண்டாம்.