ஒரே ஓவியர், இத்தனை அரண்மனைகளா?

களியக்காவிளைக்காரன்:
திருவனந்தபுரத்தில் ரவிவர்மா வரைந்த அரச குடும்பப் படங்களைப் பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஓவியர் விண்டர்ஹால்டர் என்ற ஒரே ஆளுக்கு லண்டன், பாரிஸ், வியன்னா என எல்லா அரச குடும்பத்தையும் வரைகிற வாய்ப்பு எப்படிக் கிடைத்தது?

செங்கோட்டைக்காரி:
எல்லாம் சிபாரிசுதான். 1805இல் ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் மலைக்கிராமத்தில் பிறந்தவர். பாரிஸில் பெயர் வாங்கினார், அப்புறம் பெல்ஜியம் ராணி லூயிஸ் சொல்லித்தான் இங்கிலாந்து ராணி விக்டோரியா கூப்பிட்டார். 1843இல் கூந்தல் அவிழ்ந்து தோளில் விழுகிற மாதிரி விக்டோரியாவை வரைந்தாரே, அது ராணியின் கணவர் ஆல்பர்ட்டுக்குப் பிறந்தநாள் பரிசு, ஊருக்குக் காட்டவே இல்லை. அவ்வளவு நம்பிக்கை!

நாகர்கோவில் தம்பி:
அக்கா சொல்வது சரி, ஆனால் கைவேலையும் இருக்கிறது. 1865இல் வரைந்த ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், சடையில் வைர நட்சத்திரங்கள், வெள்ளைக் கவுனில் மின்னும் சரிகை. விமர்சகர்கள் முகஸ்துதி என்றார்கள், என்றாலும் அந்தத் துணியை அவரைப் போல வேறு யார் வரைவது? நம்ம பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கையும் 1854இல் வரைந்திருக்கிறார்.