லமிவுடினுக்கு வைரஸ் ஏன் இவ்வளவு கெதியாக எதிர்ப்புக் காட்டுகிறது?

கிளிநொச்சி டீச்சர்: உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். எச்.ஐ.வி. மருந்தான லமிவுடினை வைரஸின் ஒரே ஒரு மாற்றம் தோற்கடிக்கிறது. இன்னொரு எச்.ஐ.வி. மருந்தான சிடோவுடினைத் தோற்கடிக்கப் பல மாற்றங்கள் வேண்டும். இரண்டும் டி.என்.ஏ.யின் கட்டுமானத் துண்டைப் போன்ற நியூக்கிளியோசைட்டுத்தானே? நாளைக்குப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

முல்லைத்தீவு பார்மசிக்காரன்: மருந்து மூலக்கூறின் வளையத்தைப் பாருங்கோ டீச்சர். லமிவுடினில் சீனியின் 3ஆம் காபன் இருக்கவேண்டிய இடத்தில் கந்தகம். வைரஸின் டி.என்.ஏ.யைச் செய்யும் நொதியின் 184ஆம் இடத்தில் மெதியோனின் என்ற அமினோ அமிலம் போய் வலின் வந்தால், அதன் கிளைத்த பக்கச்சங்கிலி அந்த வளையத்தில் முட்டும். மருந்து சரியாக அமராது. டி.என்.ஏ.யில் சேரும் இயற்கையான துண்டான நியூக்கிளியோடைட்டு ஓரளவு முட்டாமல் தப்பிப் போய்விடும்.

வவுனியா தம்பி: சரி அண்ணா, சிடோவுடின்?

முல்லைத்தீவு பார்மசிக்காரன்: அதில் 3ஆம் காபனில் அசைட்டு (மூன்று நைதரசன் அணுக்களின் கூட்டம்) இருக்கிறது. மருந்து டி.என்.ஏ. சங்கிலியில் சேர்ந்ததும் அதை மேற்கொண்டு நீளவிடாது. வைரஸோ கலத்தின் சக்தி மூலக்கூறான ஏடிபியைக் கொண்டு அந்த மருந்தை வெட்டி எடுக்கிறது; அதற்குத்தான் பல மாற்றங்கள் சேரவேண்டும். இன்னொன்று, அந்த 184 மாற்றம் வந்த வைரஸில் சிடோவுடினும் டெனோபோவிர் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்தும் கூடுதலாக வேலை செய்யும். டீச்சர், இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கோ.