.கிட்இக்னோரில் சேர்த்தும் கிட் ஸ்டேட்டஸில் கோப்பு வருகிறது, உதவி தேவை

நீலவானம்:
வணக்கம். கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டில், எவற்றை ஒதுக்க வேண்டும் என்று சொல்லும் .கிட்இக்னோர் கோப்பில் மூன்று வரிகள் எழுதியிருக்கிறேன்:

செட்டிங்ஸ்.ஜேசன்
லாக்ஸ்/
!லாக்ஸ்/ரீட்மி.எம்டி

லாக் கோப்புகள் மறைந்துவிட்டன. ஆனால் செட்டிங்ஸ்.ஜேசனில் ஒரு எழுத்தை மாற்றினாலும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளை 'மாடிஃபைட்' (மாற்றப்பட்டது) என்று காட்டுகிறது. அப்புறம், ரீட்மி.எம்டி மட்டும் ரெப்போவில் (திட்டத்தின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் களஞ்சியம்) இருக்க வேண்டும் என்றுதான் மூன்றாவது வரி, அதுவும் எடுபடவில்லை. வரிகளை இடம் மாற்றியும் பார்த்தாயிற்று.

சிற்றெறும்பு:
'மாடிஃபைட்' என்று வந்தால் அந்தக் கோப்பை கிட் ஏற்கெனவே கண்காணிக்கிறது என்று பொருள். எப்போதோ கமிட் ஆகியிருக்கும், அதாவது வரலாற்றில் பதிவாகியிருக்கும். கண்காணிப்பில் இல்லாத கோப்புகளுக்குத்தான் .கிட்இக்னோர். உள்ளே போய்விட்ட கோப்பு என்றால் அந்த வரியை கிட் ஏறெடுத்தும் பார்க்காது. இண்டெக்ஸிலிருந்து (கிட் கண்காணிக்கும் கோப்புகளின் பட்டியல்) எடுத்துவிடுங்கள்:

கிட் ஆர்எம் --கேஷ்ட் செட்டிங்ஸ்.ஜேசன்

பிறகு கமிட் செய்யுங்கள். --கேஷ்ட் இருப்பதால் உங்கள் டிஸ்கில் கோப்பு பத்திரமாக இருக்கும்.

வடதிசை:
உங்கள் டிஸ்கில் இருக்கும், சரி. ஆனால் அந்த கமிட்டை மற்றவர்கள் புல் செய்யும்போது (தங்கள் கணினிக்கு இறக்கும்போது) அவர்களிடம் கோப்பு அழிந்துவிடும்! புஷ் செய்வதற்கு (பொது ரெப்போவுக்கு அனுப்புவதற்கு) முன் குழுவில் சொல்லி, ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மாதிரி மதிப்புகளோடு செட்டிங்ஸ்.எக்ஸாம்பிள்.ஜேசன் என்று ஒன்றை ரெப்போவில் வைத்தால் புதிதாக வருபவர்கள் திண்டாட மாட்டார்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அதில் பாஸ்வேர்டு ஏதாவது இருந்ததா? இருந்தால் பழைய கமிட்களில் அது இன்னும் அப்படியே கிடக்கிறது. முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வரலாற்றிலிருந்து நீக்குவதற்கு கிட் ஃபில்டர்-ரெப்போ இருக்கிறது, ஆனால் அதை ஆற அமரச் செய்யலாம்.

நீலவானம்:
நன்றி. சோதனை டேட்டாபேஸின் பாஸ்வேர்டு இருந்தது, மாற்றிவிட்டோம். குழுவுக்கும் சொல்லியாயிற்று. செட்டிங்ஸ்.ஜேசன் இப்போது ஸ்டேட்டஸில் வருவதில்லை. ரீட்மி.எம்டி சிக்கல் மட்டும் பாக்கி.

சிற்றெறும்பு:
கிட் செக்-இக்னோர் -வி லாக்ஸ்/ரீட்மி.எம்டி என்று கொடுத்து, என்ன வருகிறது என்று சொல்லுங்கள். எந்தக் கோப்பின் எத்தனையாவது வரி தடுக்கிறது என்று அதுவே காட்டிவிடும்.

நீலவானம்:
இப்படி வருகிறது:
.கிட்இக்னோர்:2:லாக்ஸ்/ லாக்ஸ்/ரீட்மி.எம்டி

சிற்றெறும்பு:
அதேதான். லாக்ஸ்/ என்று எழுதினால் கோப்புறையே ஒதுக்கப்படுகிறது. வேகத்துக்காக கிட் அதற்குள் நுழைந்தே பார்ப்பதில்லை. அதனால் உள்ளே இருப்பதை '!' குறி போட்டு மீட்க முடியாது. கோப்புறையை விட்டுவிட்டு, உள்ளே இருப்பவற்றை மட்டும் ஒதுக்குங்கள்:

லாக்ஸ்/*
!லாக்ஸ்/ரீட்மி.எம்டி

வரிசை மாறக் கூடாது. ஒரு கோப்புக்கு .கிட்இக்னோரின் இரண்டு வரிகள் பொருந்தினால் கடைசியாக வருவதே செல்லும்.

நீலவானம்:
கோப்பைச் சேர்க்கும் கிட் ஆட் கட்டளை இப்போது ரீட்மி.எம்டியை ஏற்றுக்கொண்டது. மிக்க நன்றி! கடைசியாக ஒன்று: என் எடிட்டர் உருவாக்கும் தற்காலிகக் கோப்புகளையும் இதிலேயே சேர்க்கலாமா?

வடதிசை:
வேண்டாம், அது உங்களுக்கு மட்டுமான விஷயம். இந்த ரெப்போவுக்கு மட்டும் போதும் என்றால் .கிட்/இன்ஃபோ/எக்ஸ்க்ளூட் கோப்பில் எழுதுங்கள். அது புஷ் ஆகாது. எல்லா ரெப்போவுக்கும் வேண்டுமானால் கோர்.எக்ஸ்க்ளூட்ஸ்ஃபைல் அமைப்பில் ஒரு பொதுக் கோப்பைக் கொடுத்துவிடுங்கள்.